நீள்வட்டத்தைச் சுற்றி 40 முத்துகள்

கல்யாணப் பத்திரிகைகளில் அடிக்கடி காணும் அலங்காரம் ஒன்று உண்டு. மணமக்கள் பெயரைச் சுற்றி ஒரு நீள்வட்டம், அதன் கோட்டின்மேல் வரிசையாக முத்துகள். அச்சில் பார்த்தால் எளிமையாகத் தெரியும். அதையே கணினியில் வரைய உட்கார்ந்தால் முத்துகள் சொன்ன பேச்சைக் கேட்காது. மேலும் கீழும் விலகி நிற்கும். இடது வலது ஓரங்களில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருக்கும். கோரல் ட்ராவிலோ இல்லஸ்ட்ரேட்டரிலோ வேலை செய்யும் டிசைனர்களில் இதைச் சந்திக்காதவர் குறைவு. பெரும்பாலும் முத்துகளை ஒவ்வொன்றாகக் கண்ணளவில் நகர்த்தி ஒப்பேற்றிவிடுவார்கள். அந்த உழைப்பு தேவையே இல்லை. முத்துகள் ஏன் அப்படி நடந்துகொள்கின்றன என்று தெரிந்தால் போதும். காரணத்தைத் தேடிப் போனால் 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் கணிதம், பாரிஸ் கார் கம்பெனிகள், கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன் என்று வழி நீள்கிறது.

முதலில் நேர்கோட்டைப் பார்த்துவிடுவோம். 180 மி.மீ. அகலமுள்ள அட்டையின் மேல்விளிம்பில், தலா 10 மி.மீ. அகலமுள்ள 12 பூக்களை ஓரத்திலிருந்து ஓரம்வரை வைக்க வேண்டும். பூக்களுக்கு 120 மி.மீ. போக மிச்சம் 60. இதை 12ஆல் வகுத்து 5 மி.மீ. இடைவெளி என்று போட்டால், கடைசிப் பூவுக்குப் பிறகு 5 மி.மீ. வெறுமையாகக் கிடக்கும். 12 பூக்களுக்கு நடுவே இருப்பவை 11 இடைவெளிகள்தாம். இந்தப் பிழை மிகப் பழையது. கி.மு. முதல் நூற்றாண்டு ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் தம் நூலில் இதைக் கண்டித்திருக்கிறார். கோயிலின் நீளம் அகலத்தைப்போல் இருமடங்காக வேண்டுமானால், தூண்களை இரட்டிக்கக் கூடாது, தூண்களுக்கு நடுவிலுள்ள இடைவெளிகளை இரட்டிக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. முகப்பில் 6 தூண்கள் என்றால் 5 இடைவெளிகள். பக்கவாட்டில் 10 இடைவெளிகள், ஆகவே 11 தூண்கள். 12 அல்ல.

நம் பூக்களுக்குத் திரும்பினால், 60ஐ 11ஆல் வகுக்கும்போது 5.4545 என்று முடிவில்லாமல் ஓடும் எண் வருகிறது. அதை 5.5 என்று முழுமையாக்கி ஒவ்வொரு பூவாக நகல் எடுத்துத் தள்ளிக்கொண்டே போனால், 11 இடைவெளிகளில் அரை மில்லிமீட்டர் கூடிவிடும். ஒவ்வொரு அடியிலும் செய்யும் சிறு பிழை அடுத்த அடிக்குச் சுமையாக ஏறுகிறது. முதல் பூவையும் கடைசிப் பூவையும் உரிய இடத்தில் நிறுத்திவிட்டு, நடுவில் உள்ளவற்றைப் பகிர்ந்து வைக்கும்படி மென்பொருளிடம் சொல்வதே சரியான வழி. ஒவ்வொரு பூவின் இடத்தையும் தொடக்கத்திலிருந்தே கணக்கிட்டால் பிழை சேராது. அப்போதும் ஒரு தேர்வு மிச்சமிருக்கிறது. மையத்துக்கு மையம் சமமா, விளிம்புக்கு விளிம்பு சமமா? எல்லாப் பூவும் ஒரே அளவானால் இரண்டும் ஒன்றே. பெரிய பூவும் சின்ன இலையும் ஒழுங்கின்றிக் கலந்து வந்தால் மையக் கணக்கு பூவை அடுத்த பூவின்மேல் இடிக்க விட்டுவிடும். அங்கே விளிம்புக் கணக்குத்தான் வேண்டும்.

வட்டத்தில் தொடக்கமும் முடிவும் ஒன்றாகிவிடுவதால் உருவங்களும் இடைவெளிகளும் எண்ணிக்கையில் சமம். தேசியக் கொடியின் அசோகச் சக்கரத்தில் 24 ஆரங்கள், 24 இடைவெளிகள், ஒவ்வொன்றும் 15 பாகை. ஓர் ஆரத்தை வரைந்து, மையத்தைப் பிடித்து 15 பாகை சுழற்றி நகல் எடுத்து, அந்தக் கட்டளையையே திரும்பத் திரும்ப அழுத்தினால் சக்கரம் தயார். ஒரு முறை கூடுதலாக அழுத்தினால் புதிய நகல் முதல் ஆரத்தின்மேலேயே போய் அமரும். திரையில் அது தெரியாது. லேசர் வெட்டும் இயந்திரத்துக்கு அந்தக் கோப்பு போனால்தான் தெரியும். ஒரே கோட்டில் இரண்டு முறை வெட்டு விழும்.

வட்டத்தில் இந்தச் சுழற்று வித்தை பலிப்பதற்குக் காரணம், சம கோணம் எடுத்தால் சுற்றளவிலும் சம நீளம் கிடைப்பது. நீள்வட்டத்தில் இந்த உறவு அறுந்துபோகிறது. நம் சிக்கல் தொடங்குவது அங்கேதான்.

100 மி.மீ. நீளம், 50 மி.மீ. உயரம் உள்ள ஒரு நீள்வட்டத்தை எடுத்துக்கொள்வோம். அதில் 5 மி.மீ. விட்டமுள்ள 40 முத்துகள். டிசைனரின் கை இயல்பாகச் செய்வது இதுதான்: வட்டத்தில் 9 பாகைக்கு ஒன்றாக 40 முத்துகளை வைத்து, வட்டத்தைப் பாதி உயரத்துக்கு அமுக்கி, நசுங்கிய முத்துகளை மட்டும் மறுபடி உருண்டையாக்குவது. அமுக்கும்போது செங்குத்தாக ஓடும் தூரங்கள் பாதியாகின்றன, கிடையாக ஓடும் தூரங்கள் அப்படியே நிற்கின்றன. ஓரங்களில் கோடு செங்குத்தாக ஓடுவதால் அங்கே முத்துகளின் மையங்கள் 3.96 மி.மீ. தூரத்துக்கு நெருங்கிவிடும். உச்சியில் கோடு கிடையாக ஓடுவதால் அங்கே 7.8 மி.மீ. தூரம். 5 மி.மீ. முத்து, ஓரத்தில் பக்கத்து முத்தின்மேல் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் ஏறும். உச்சியில் இரண்டு முத்துகளுக்கு நடுவே ஏறக்குறைய 3 மி.மீ. இடம் விழும்.

சரி, வட்டத்தை அமுக்க வேண்டாம், நீள்வட்டத்தின் மையத்திலிருந்தே 9 பாகைக்கு ஒரு கோடு இழுத்து, அது நீள்வட்டத்தைத் தொடும் இடத்தில் முத்தை வைப்போம் என்று பார்த்தால், பிழை அப்படியே தலைகீழாகிறது. ஓரங்களில் 7.9 மி.மீ. விலகல், உச்சியில் 3.9 மி.மீ. நெருக்கம். இரண்டு முறைகளும் ‘சம கோணம்’ என்றே சொல்கின்றன, இரண்டும் எதிரெதிர்த் திசையில் தவறுகின்றன. முத்துகளைப் பொறுத்தவரை கோணம் தவறான அளவுகோல். கோட்டின் மேலேயே நடந்து அளக்கும் நீளம்தான் சமமாக இருக்க வேண்டும்.

மென்பொருளுக்கு அந்த நீளம் தெரியாதா என்று கேட்கலாம். நேரடியாகத் தெரியாது. வெக்டர் மென்பொருள் கோட்டைப் புள்ளிப் புள்ளியாகச் சேமிப்பதில்லை. சில நங்கூரப் புள்ளிகளையும், அவற்றிலிருந்து நீளும் கைப்பிடிகளையும் மட்டும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள வளைவை ஒரு சமன்பாட்டால் உருவாக்குகிறது. எவ்வளவு பெரிதாக்கினாலும் கோடு உடையாமல் இருப்பது இதனால்தான். இந்தச் சமன்பாட்டின் பெயர் பெஸியே வளைவு. ரெனோ கார் கம்பெனியின் பொறியாளர் பியர் பெஸியே 1960களில் கார் உடலின் வளைவுகளை வரையறுக்க இதைப் பயன்படுத்தி வெளியிட்டதால் அவர் பெயர் நிலைத்தது. அதற்கு முன்பே, 1959இல், போட்டிக் கம்பெனியான சித்ரோவனில் பால் தெ காஸ்டெல்ஜோ இதே வளைவுகளைக் கண்டிருந்தார். கம்பெனி அதை ரகசியமாக வைத்துக்கொண்டது. பெயர் அவருக்கு வராமல் போனது வருத்தமே. இன்று இந்த வளைவுகளைக் கணிக்கும் அடிப்படை வழிமுறையாவது அவர் பெயரைத் தாங்குகிறது.

இல்லஸ்ட்ரேட்டரில் நீங்கள் இழுத்துப் போடும் வட்டமும் நீள்வட்டமும் நான்கு பெஸியே வளைவுகளை ஒட்டவைத்தவை. துல்லியமான வட்டத்தைப் பெஸியே வளைவால் வரையவே முடியாது. ஆனால் விலகல் ஆரத்தில் 0.027 சதவீதம் மட்டுமே. பத்திரிகை அச்சில் எந்தக் கண்ணும் அதைக் காணாது.

பெஸியே வளைவில் புள்ளிகளைக் குறிப்பது துணையலகு என்ற ஓர் எண். அது 0 என்றால் வளைவின் தொடக்கம், 1 என்றால் முடிவு. அரை என்றால் நடு என்று நினைக்கத் தோன்றும். அது நீளத்தின் நடுவாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. மதுரையிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட பேருந்து, பயண நேரத்தில் பாதி கழிந்தபோது பாதித் தூரத்தில்தான் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல மாட்டார்கள். நகருக்குள் ஊர்ந்திருக்கும், நெடுஞ்சாலையில் விரைந்திருக்கும். துணையலகு நேரம் மாதிரி, வளைவின் நீளம் தூரம் மாதிரி. கைப்பிடிகள் நீண்ட இடத்தில் புள்ளி வேகமாக ஓடுகிறது, குறுகிய இடத்தில் ஊர்கிறது. 100 மி.மீ. நேர்கோட்டின் இரு கைப்பிடிகளும் அதனதன் முனைக்குள் மடங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். துணையலகை நான்கு சம பாகமாக்கினால் புள்ளிகள் 0, 15.6, 50, 84.4, 100 என்ற இடங்களில் விழும். கோடு நேராக இருந்தும் இடைவெளி சமமில்லை. வளைந்த கோட்டில் நிலைமை இன்னும் சிக்கலாகும்.

ஆகவே நீளத்தைத் தனியாகக் கணக்கிட்டாக வேண்டும். புள்ளியின் வேகத்தைக் கண்டு, அதைத் தொகையீடு செய்தால் நீளம் வரும் என்பது பள்ளிக் கணிதம். கைவைத்ததும் அது முரண்டு பிடிக்கிறது. முப்படிப் பெஸியே வளைவின் வேகம், நாற்படிப் பல்லுறுப்புக்கோவை ஒன்றின் வர்க்கமூலமாக வருகிறது. நீள்வட்டத்துக்கும் இதே வகைத் தொகையீடுதான். அதனாலேயே இந்தக் குடும்பத்துக்கு நீள்வட்டத் தொகையீடுகள் என்று பெயர். கூட்டல், பெருக்கல், வர்க்கமூலம், சைன், மடக்கை என்று நாம் அறிந்த எந்தக் கருவியாலும் அதற்கு முடிவுள்ள விடை எழுத முடியாது. யாராவது கெட்டிக்காரர் பிறந்து வந்து எழுதிவிடுவார் என்று காத்திருக்கவும் வழியில்லை. எழுதவே முடியாது என்பதை 1830களில் பிரெஞ்சுக் கணிதர் ஜோசப் லியூவில் நிறுவிவிட்டார். வட்டத்தின் சுற்றளவை ஐந்தாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும் உலகத்தில், அதைச் சற்றே அமுக்கினால் கிடைக்கும் உருவத்தின் சுற்றளவுக்குச் சூத்திரம் கிடையாது என்பது எனக்கு இன்றும் வியப்பு.

சூத்திரம் இல்லாத இடத்தில் தோராயம் வரும். மிக எளிய தோராயம், இரண்டு அரை அச்சுகளையும் கூட்டிப் பை (π) என்ற எண்ணால் பெருக்குவது. நம் நீள்வட்டத்தின் அரை நெட்டச்சு 50, அரைக் குற்றச்சு 25. கூட்டினால் 75. பையால் பெருக்கினால் 235.6 மி.மீ. உண்மையான சுற்றளவோ 242.2 மி.மீ. ஆறரை மி.மீ. குறைகிறது. இந்தத் தவறான அளவை 40ஆல் வகுத்து முத்துகளை வைத்துக்கொண்டே போனால், கடைசி முத்துக்கும் முதல் முத்துக்கும் நடுவில் மட்டும் வழக்கத்தைவிட இருமடங்கு இடம் திறந்து நிற்கும்.

ராமானுஜன் இங்கேதான் வருகிறார். 1914இல் வெளியான, பையின் மதிப்பைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கட்டுரையில், நீள்வட்டத்தின் சுற்றளவுக்கும் தோராயச் சூத்திரங்களைக் கொடுத்திருக்கிறார். அவற்றில் எளியது இப்படிப் போகும். இரு அரை அச்சுகளின் கூட்டுத்தொகையை மூன்றால் பெருக்குங்கள்: 225. பிறகு பெரிய அரை அச்சை மூன்று மடங்காக்கிச் சின்னதைக் கூட்டுங்கள்: 175. சின்னதை மூன்று மடங்காக்கிப் பெரியதைக் கூட்டுங்கள்: 125. இவ்விரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 147.902. அதை 225இலிருந்து கழித்தால் 77.098. பையால் பெருக்கினால் 242.21 மி.மீ. உண்மை மதிப்புக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு, ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எந்த அச்சு இயந்திரமும் இந்த நுணுக்கத்துக்கு அருகில்கூட வராது. 40ஆல் வகுத்தால் முத்துக்கு முத்து 6.055 மி.மீ. முத்தின் விட்டம் 5 போக, நடுவே 1 மி.மீ.க்குச் சற்றே கூடுதலான இடம். அழகான மாலைக்கு அது போதும்.

மொத்த நீளம் கிடைத்துவிட்டது. ஒவ்வொரு முத்தும் எங்கே நிற்க வேண்டும் என்பது தனிக் கேள்வி. இதற்கு மென்பொருள் செய்வது பொறுமையான வேலை. வளைவை மிகச் சிறு துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் நேர்கோடாகக் கொண்டு நீளங்களைக் கூட்டிக்கொண்டே வரும். எந்தத் துணையலகில் எவ்வளவு நீளம் கடந்தோம் என்று ஓர் அட்டவணை உருவாகும். 6.055ஐ, 12.11ஐ, 18.165ஐ எப்போது தாண்டினோம் என்று அதில் தேடினால் முத்துகளின் இடங்கள் வரிசையாக வந்துவிடும். நறுக்கல்கள் எவ்வளவு சிறியனவோ அவ்வளவு துல்லியம். இன்னும் வேகமாகக் கணிக்க, கணித மேதை காஸ் 1814இல் கொடுத்த தொகையீட்டு முறையையும் நிரலாளர்கள் பயன்படுத்துகிறார்கள். நீள்வட்டத்தில் கால் பாகத்தை மட்டும் கணக்கிட்டால் போதும். மற்ற மூன்றும் அதன் பிம்பங்கள். இதிலிருந்து டிசைனருக்கு ஓர் ஆலோசனை கிடைக்கிறது: முத்துகளின் எண்ணிக்கையை நான்கின் மடங்காக வையுங்கள். 40 வைத்தால் உச்சி, அடி, இரு ஓரங்கள் என நான்கு முனைகளிலும் தவறாமல் ஒரு முத்து வரும். 41 வைத்தால் இடைவெளி சமமாக இருந்தாலும், மாலை எங்கோ கோணலாகத் தோன்றும்.

இந்தக் கணக்கை நீங்கள் கையால் போட வேண்டியதில்லை, சரியான கட்டளையைத் தேர்ந்தெடுத்தால் போதும். கோரல் ட்ராவில் இரண்டு முத்துகளுக்கு நடுவே பிளெண்ட் (நடுவில் நகல்களை நிரப்பும் கட்டளை) போட்டு, அதை நீள்வட்டப் பாதையில் ஏற்றி, முழுப் பாதையிலும் பரவச் சொல்லலாம். இல்லஸ்ட்ரேட்டரிலும் பிளெண்ட் உண்டு. அங்கே மூடிய பாதையை ஓரிடத்தில் கத்தரித்துத் திறந்தால்தான் முழுச் சுற்றும் வரும். அப்போது முதல் முத்தும் கடைசி முத்தும் ஒரே இடத்தில் அமர்வதால் ஒன்றை நீக்கிவிட வேண்டும். நான் இவற்றைவிட விரும்புவது புள்ளிக்கோட்டு முறை. நீள்வட்டத்தின் கோட்டுத் தடிமனை 5 மி.மீ. ஆக்கி, முனைகளை உருண்டையாக்கி, விட்டுவிட்டு வரும் கோடாக மாற்றுங்கள். கோட்டுத் துண்டின் நீளம் 0, இடைவெளி 6.055 மி.மீ. நீளமே இல்லாத துண்டின் இரு பக்கமும் அரைவட்ட முனைகள் சேர்ந்து முழு முத்தாகிவிடும். தனித்தனி முத்துகளே கிடையாது, ஒரே ஒரு கோடுதான். நீள்வட்டத்தை மாற்றினால் முத்துகளும் கூடவே நகரும். எஸ்விஜி கோப்பாக எழுதுபவர்களுக்குச் சுற்றளவு தெரிய வேண்டியதுகூட இல்லை. பாதையின் நீளம் 40 என்று அறிவித்துவிட்டு இடைவெளி 1 என்று எழுதினால், உலாவியே விகிதம் பார்த்துச் சரியாக 40 முத்துகளைக் கோத்துவிடும்.

சம நீளம் எல்லா உருவத்துக்கும் பொருந்திவிடாது. முத்து சிறியது, அதனால் தப்பித்தோம். 10 மி.மீ. உயரமுள்ள இலையை அதே நீள்வட்டத்தில் நடுக்கோட்டில் பொருத்திப் பாருங்கள். ஓர முனையில் வளைவின் ஆரம் 12.5 மி.மீ. மட்டுமே. இலையின் உள்விளிம்பு 7.5 மி.மீ. ஆரத்திலும் வெளிவிளிம்பு 17.5 மி.மீ. ஆரத்திலும் ஓடும். நடுக்கோட்டில் 6 மி.மீ. தூரத்தில் நிற்கும் இலைகள் உள்ளே 3.6 மி.மீ.க்கு நெருங்கி, வெளியே 8.4 மி.மீ.க்கு விரியும். எந்த மென்பொருள் கட்டளையும் இதைத் தீர்க்காது. இலையைச் சிறிதாக்குவதோ நீள்வட்டத்தைப் பெரிதாக்குவதோ டிசைனர் எடுக்க வேண்டிய முடிவு.

கண்ணும் அளவுகோலோடு எப்போதும் ஒத்துப்போவதில்லை. இரண்டு சதுரங்களுக்கு நடுவிலும் இரண்டு வட்டங்களுக்கு நடுவிலும் அதே 3 மி.மீ. விட்டால், வட்டங்கள் அதிகம் விலகியதாகத் தெரியும். வட்டங்களின் மேலும் கீழும் திறந்து கிடக்கும் பரப்பையும் கண் சேர்த்துக்கொள்கிறது. எழுத்துரு வடிவமைப்பவர்கள் இதை நன்கு அறிவார்கள். ‘ப’ போல் செங்குத்துக் கோடுகள் பக்கம் பக்கமாக வரும் இடத்தில் கூடுதல் இடமும், உருண்டை விளிம்புகள் சந்திக்கும் இடத்தில் குறைவான இடமும் விடுவார்கள். ஒரே உருவம் திரும்பத் திரும்ப வரும் முத்துமாலையில் இந்தத் தொல்லை இல்லை.

மாலையை விட்டு, அட்டையின் பின்புலம் முழுவதும் முத்துகளைப் பரப்புவதானால் வரிசைகளுக்கு நடுவிலுள்ள தூரமும் கணக்கில் வரும். கோலத்தில் இடைப்புள்ளி வைப்பதுபோல், ஒரு வரிசையின் புள்ளிகள் அடுத்த வரிசையின் இடைவெளிகளுக்கு நேராக வரும் அமைப்பில், முத்துக்கு முத்து 10 மி.மீ. என்றால் வரிசைக்கு வரிசையும் 10 வைப்பதே பலர் வழக்கம். அப்போது சாய்வாக உள்ள முத்துகள் 11.2 மி.மீ. தூரத்துக்குப் போய்விடும். எல்லாத் திசையிலும் 10 கிடைக்க வரிசைத் தூரம் 8.66 மி.மீ. இருக்க வேண்டும். கோலத்துக்கும் கணினிக்கும் உள்ள உறவு இதோடு நிற்கவில்லை. தாம்பரம் சென்னை கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் ராணி சிரோமணியும் சக ஆய்வாளர்களும் 1970களில் கோலங்களைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்தார்கள். பின்புலத்தை நிரப்பும் வேலைக்குத் திரும்பினால், தளத்தில் ஒரே உருவத்தைத் திரும்ப அடுக்கும் சமச்சீர் வகைகள் மொத்தம் 17 மட்டுமே என்று 1891இல் ரஷ்ய அறிஞர் ஃபெடரோவ் நிறுவினார். இலவச மென்பொருளான இங்க்ஸ்கேப்பில் நகல்களைப் பரப்பும் சாளரத்தைத் திறந்தால் அந்தப் பதினேழும் பட்டியலாக நிற்கும்.

பிளஸ் டூ கணிதத்தில் நீள்வட்டம் இருக்கிறது. அதன் குவியங்களையும் பரப்பையும் பிள்ளைகள் கணக்கிடுகிறார்கள். சுற்றளவைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கணித ஆசிரியர்கள் ஒரு வகுப்பை இதற்கு ஒதுக்க வேண்டும் என்பது என் வேண்டுகோள். இங்க்ஸ்கேப்பில் 100க்கு 50 நீள்வட்டம் ஒன்றை வரையச் சொல்லுங்கள். முதலில் வட்டத்தை அமுக்கிய முறையில் 40 முத்துகளை வைக்கட்டும், அடுத்து ராமானுஜனின் சூத்திரத்தைக் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்து, 6.055 இடைவெளியில் புள்ளிக்கோடு போடட்டும். டிடிபி வகுப்பு நடத்துபவர்களும் எந்தப் பட்டனை அழுத்துவது என்பதோடு, அந்தப் பட்டன் எதைச் சமமாக்குகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்.